புங்கமரத்தடியில் ஒருவர் நிற்க வேண்டும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து கார்த்திகைத் தீபத்துக்கு வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் மலை சுற்றும்போது கூட்டத்தில் பிரிந்துவிட்டார்களாம். அவள் முன்னால் போய்விட்டாள் என்று இவன் எட்டி நடந்தான். இவன் முன்னால் போய்விட்டான் என்று அவள் எட்டி நடந்தாள். பாதையோ வட்டம். எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். சுற்றினார்கள், சுற்றினார்கள், மலையிலிருந்து தீபக் கொப்பரையை இறக்கி, கடைக்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போன பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவன் தாடி முட்டிவரை வளர்ந்ததாம். அவள் மெட்டி தேய்ந்து வெறும் கம்பியானதாம். கடைசியில் அவன் காலில் முள் தைத்தது. சீ என்று உட்கார்ந்தான். முள்ளைப் பிடுங்கி எறிவதற்குள் அவள் பின்னாலிருந்து வந்து அவன்மேல் முட்டிக்கொண்டாள்.

"இத்தினி நாளா எங்கய்யா போயிருந்த?"

"உன்னத் தேடிக்கினுதான் இருந்தேன்."

நகராட்சிப் பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய காலத்தில், வட்டம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவேன். தாடியும் மெட்டியும் என் சரக்கு. மீதி, மலை சுற்றுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுற்றுப்பட்ட ஊர்களில் பிள்ளைகளைத் தீபத்துக்குக் கிளப்பும்போது, தலையைப் படிய வாரி, முகத்தில் பவுடரை அப்பி, தாய்மார்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: கை விட்டுப் போனால் நடக்காதே, நில். ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர் சுற்ற வேண்டும். இரண்டு பேரும் நடந்தால் சேர மாட்டார்கள்.

காசியம்மாளும் தன் மகனிடம் அப்படிச் சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷத் தீபம் அது. பையன் பெயர் வேடியப்பன். பள்ளியில் சேர்த்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பச்சைக் கால்சட்டை, இடது புருவத்தில் ஆட்டுக்கிடா முட்டிய தழும்பு. மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், பாதையோரத்தில் பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. அதனடியில் தனம் என்பவள் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் டீக்கடை போடுவாள். தாயும் பிள்ளையும் அங்கே உட்கார்ந்து பொரி தின்று, தண்ணீர் குடித்து எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பஜனைக் கோஷ்டி ஜால்ராவும் மிருதங்கமுமாக வந்து எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. முந்தானையைப் பிடித்திருந்த கை விட்டுப் போனதைக் கூப்பிடு தூரம் போன பிறகுதான் காசியம்மாள் உணர்ந்தாள். திரும்பினால் புங்கமரத்தின் தலை தெரிந்தது.

திரும்பி நடந்திருக்கலாம் என்று நீங்களும் நானும் இப்போது சுலபமாகச் சொல்லிவிடுவோம். மலையை வலமாகத்தான் வர வேண்டும். பாதியில் திரும்பி எதிரே நடப்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்ததுமே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"யம்மா, எதுர்ல வராத, சாமி குத்தம்!"

"எம் புள்ள நின்னுபூட்டான்யா..."

"நிக்கச் சொல்லி இட்டுக்கினு வந்தியா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"சொன்னங்க."

"அப்ப நிப்பான். வெரசா சுத்திக்கினு வந்துரு, போ."

பிள்ளை தனியாக நிற்கிற நேரத்தில் சாமியைக் கோபப்படுத்த எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? கூப்பிடு தூரத்தில் இருந்த மரத்துக்குப் போய்ச் சேர, அவள் முழு மலையையும் சுற்றினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். தீபக் கூட்டத்தில் ஓடுவது எப்படியென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டின பிறகு மரத்தடிக்கு வந்தாள்.

தனம் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "பச்ச நிஜாரா? இங்கதான் நின்னுக்கினு இருந்தான். வாடா, கடக்குள்ள வந்து குந்துன்னேன். வரமாட்டேன்னுட்டான். எங்கம்மா நிக்கச் சொல்லிச்சுன்னான். ரொம்ப நேரம் அழுவாமகூட நின்னான். அப்பறமா ஒரு குடும்பம் வந்து, போலீசாண்ட உடறோம்னு இட்டுக்கினு போச்சு."

போலீசிடம் அப்படி எந்தப் பிள்ளையும் வரவில்லை. அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று தனத்துக்குத் தெரியவில்லை. காசியம்மாள் அதற்குமேல் ஊருக்குத் திரும்பவில்லை. அவள் புருஷன் கருப்பன், நிலக்கடலைக் கொல்லையை அப்படியே போட்டுவிட்டு வந்து அழைத்துப் பார்த்தான். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான். பிறகு வரவில்லை.

எங்கள் பள்ளியில் அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. மணி அடிப்பதும் கரும்பலகையைத் துடைப்பதும் பிள்ளைகளை அதட்டுவதுமாக வாரம் போய்விடும். தீபம் வந்தால் மட்டும் விடியற்காலையிலேயே புங்கமரத்தடிக்குப் போய் நிற்பாள். உட்காரக்கூட மாட்டாள். ஒரு பெண்பிள்ளை அசையாமல் நிற்பதைப் பார்த்து, தொலைந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. ஆட்டுக்கல்லைக் கண்ட கோழிக்குஞ்சுகள் மாதிரி என்பாள் தனம். கோழிக்குஞ்சு ஆட்டுக்கல்லிடம் எதற்குப் போகும் என்று நான் கேட்டதில்லை.

தீபக் கூட்டத்துக்கு உதவி செய்கிற எங்கள் சேவா சங்கத்தின் தலைவர் இராமலிங்கம் கடலை மண்டி வைத்திருந்தவர். சங்கக் கூட்டத்தில் அவர் விடுகிற குறட்டைக்கு, மண்டியில் இருக்கிற கடலை தானாகவே தோலுரிந்துவிடும். ஆனால் விழித்திருக்கும்போது நல்ல கண் உள்ளவர். ஒரு தீபத்தின்போது இதைப் பார்த்துவிட்டு, அவள் தலைக்குமேல் ஒரு கீற்றுக்கொட்டகை போடச் சொன்னார். அடுத்த வருஷம் மைக் செட்டும் வந்தது. இப்படித்தான் சங்கத்தின் 'தொலைந்தோர் கொட்டகை' உண்டாயிற்று. சங்கம் கொட்டகை போட்டு அதில் காசியம்மாளை வைத்தது என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நடந்தது நேர்மாறு. அவள் நின்ற இடத்தில்தான் சங்கம் கொட்டகை போட்டது.

மைக்கில் அவள் பேசுவதைக் கேட்கவே ஆட்கள் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அப்பன் பெயர் தெரியாது, அப்பா என்றுதான் தெரியும். அதனால் அவள் ஊரையும் பேரையும் கேட்க மாட்டாள். "உங்கூட்ல மாடு இருக்குதா? மாட்டு பேரு இன்னாடி?" என்று கேட்பாள். அழுதுகொண்டிருக்கிற குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மாட்டின் பெயரைச் சொல்லும். உடனே மைக்கில், "செவப்பிங்கற மாட்டுக்குச் சொந்தக்காரங்க எங்க இருந்தாலும் வாங்க, உங்க பொண்ணு இங்க ரெண்டாவது போண்டா துன்னுக்கினு இருக்குது!" என்பாள். பெரியவர்கள் தொலைந்தால் மரியாதையே கிடையாது. "ராந்தத்திலிருந்து வந்த நீலச் சட்டைக்காரரே, உங்க பொஞ்சாதி இங்க இருக்குறாங்க. கோவமா இருக்குறாங்க. பூ வாங்கிக்கினு வாங்க."

எல்லாப் பெயர்களும் முடிந்து, மலைமேல் தீபம் ஏற்றப்போகிற நேரம் நெருங்கும்போது, மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொல்லுவாள். அதில் கேலி இருக்காது.

"வேடியப்பா, அம்மா இங்கதான்டா நிக்கிறேன்."

வருஷா வருஷம். சங்கத்தில் எல்லாரும் கேட்டோம். கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூடத்துக் கடைசி மணி மாதிரி ஆகிவிட்டது அது. அந்த அறிவிப்பு வந்தால் அன்றைய வேலை முடிந்தது, டீ குடிக்கலாம் என்று அர்த்தம்.

எண்பத்து மூன்றில் சக்கரவர்த்தி சங்கத்துக்குச் செயலாளராக வந்தார். வங்கியில் வேலை. வயது முப்பத்தைந்துக்குள். கெட்ட மனிதர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் நின்று வேலை செய்யக் கூசாதவர். வங்கியில் அவரைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அலுவலகங்களில் மாற்றம் கொண்டுவருவது எப்படி என்று அங்கே பாடம். அந்தச் சூட்டோடு வந்தார்.

கூட்டத்தில் அவர் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. "தொலைஞ்சவங்க கொட்டகையை எங்கேயோ மலைக்குப் பின்னால வெச்சிருக்கோம். புள்ளையைத் தொலைச்சவங்க எங்க வருவாங்க? ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்குத்தானே வந்தாகணும்? கொட்டகையை அங்க போட்டா, போலீசும் பக்கம், ஆஸ்பத்திரியும் பக்கம், போனும் இருக்குது. எத்தினி பேர் புள்ளைக்காக இன்னொரு தரம் மலையைச் சுத்திக்கிட்டு வர்றாங்க, பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறோம். எல்லாரும் கை தூக்கினோம். இராமலிங்கம் தூக்கத்திலேயே தூக்கினார். கதவோரம் உட்கார்ந்திருந்த காசியம்மாள்தான் தூக்கவில்லை.

"அங்க நெழலு கெடையாது சார்," என்றாள்.

"தகரக் கொட்டகை போடறோம் காசிம்மா. ஃபேன்கூட மாட்டறோம்."

அடுத்த கூட்டத்தில், "தண்ணி கெடையாது," என்றாள்.

சக்கரவர்த்தி நகராட்சியில் பேசி அந்த வாரமே குழாய் போட வைத்தார். வேலை என்றால் அப்படி. அதற்கப்புறம், "பஸ்ஸு ஆரன் அடிச்சா புள்ளைங்க பயப்படும்," என்றாள். கொட்டகையை உள்ளே தள்ளிப் போட்டார்கள். "தனத்து டீ இல்லாம எனக்குக் கையே ஓடாது," என்றாள். சக்கரவர்த்தி நேரே தனத்திடம் போய், பஸ் ஸ்டாண்டில் கடை போட இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். தனம் மறுபேச்சுப் பேசாமல் பாய்லரைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

"துரோகி," என்றாள் காசியம்மாள்.

"யாவாரம்டி," என்றாள் தனம்.

சக்கரவர்த்திக்கு இது புரியவில்லை. ஒருநாள் பள்ளிக்கே வந்து என்னிடம் கேட்டார். "ஒரு மாத்தத்தை ஜனங்க எதுக்கறதுக்குக் காரணம் மூணுதான் டீச்சர். ஒண்ணு பழக்கம், ஒண்ணு பயம், ஒண்ணு பதவி. இவங்களுக்கு எதுன்னு தெரியலையே. மைக்கைப் பிடுங்கிக்குவோம்னு பயப்படறாங்களோ?"

அடுத்த நாளே அவளைக் கூப்பிட்டு, மைக் எப்போதும் அவள் கையில்தான் என்று வாக்குக் கொடுத்தார். கைப்பிடி வைத்த நாற்காலி கொடுத்தார். சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் அடையாள அட்டை ஒன்று செய்து கொடுத்தார். அவளுக்குச் சட்டைப்பை இல்லையே என்பதை அப்புறம்தான் கவனித்தார். அவர் ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, அவளிடம் சொல்வதற்கு ஒரு காரணம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. முழுக்கத் தோற்றவளைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

உண்மையான காரணத்தை அவள் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். எதிரே இருப்பது கருணையுள்ள பத்துப் பேர். சொன்னால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "இன்னுமா காசிம்மா?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் நிழலையும் தண்ணீரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டாள். "கொட்டாயி அங்க போவட்டும். மரத்தாண்ட யாராச்சும் ஒர்த்தர உக்கார வெச்சுட்டு வாங்க சார்."

"எதுக்கும்மா?"

"யாராச்சும் வந்து நிப்பாங்க."

"அதுதான் காசிம்மா விஷயமே. அங்க ஒரு ஆளு இருந்தா ஜனங்க அங்கயேதான் வருவாங்க. பழசை முழுசா மூடினாத்தான் புதுசு பழகும்." பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அவர் அப்படியே சொன்னார். அதுவும் சரிதான். எல்லாமே சரியாக இருந்ததுதான் கஷ்டம்.

இராமலிங்கத்துக்கு அப்போது உடம்பு சரியில்லை. கட்டிலில் படுத்தபடியே அவளைக் கூப்பிட்டனுப்பினார். "தோ பாரு காசி, புள்ளைங்க அங்க வந்து அழுவும். நீ இல்லாட்டி எந்த மாட்டு பேர யாரு கேப்பாங்க?" அவள் தலைக்குமேல் முதன்முதலாகக் கீற்றுப் போட்டவர். அவரிடம் நிழலைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரிங்க என்றாள்.

அந்தத் தீபத்தன்று சங்கம் அதுவரை காணாத அளவுக்கு வேலை செய்தது. தொலைந்த பிள்ளைகள் வந்த சுருக்கில் திரும்பிப் போயின. ஒரு குழந்தை, தான் தொலைந்திருக்கிறோம் என்று அழ ஆரம்பிப்பதற்கு முன்பே அதன் தாத்தா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காசியம்மாளும் குறை வைக்கவில்லை. மாடுகளின் பெயர்கள் பஸ் ஸ்டாண்டு முழுவதும் ஒலித்தன. டிரைவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சக்கரவர்த்தியின் முகம் மலர்ந்து போயிருந்தது. "பார்த்தீங்களா டீச்சர்?" என்றார். பார்த்தேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. கொட்டகை காலியாயிற்று. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எல்லாப் பெயர்களும் முடிந்துவிட்டன. காசியம்மாள் மைக்கை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். தனம் எங்களுக்கு டீ ஊற்ற ஆரம்பித்தாள்.

"வேடியப்பா, அம்மா..."

மைக் கரகரத்துக்கொண்டே இருந்தது. மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்தாள். தகரக் கூரை, ஃபேன், குழாய், பஸ்கள். சொன்னால் பொய்யாகிவிடும். மைக்கைப் பத்திரமாக நாற்காலிமேல் வைத்தாள். வெளியே இறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் தனம்.

காசியம்மாள் வடக்குப் பக்கத்துச் சாலையில் ஏறினாள். மலை சுற்றி முடித்தவர்கள் ஊருக்குள் வருகிற கடைசிப் பகுதி அது. அந்த வழியாகப் புங்கமரத்துக்குப் போனால் தூரம் கம்மி. ஆனால் எதிரே நடக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கூப்பிடு தூரத்துக்குக்கூட எதிரே நடக்கத் துணியாதவள், அன்றைக்கு ஊரே திரண்டு வருகிற பாதையில் எதிர்த்திசையில் நடந்தாள். இடித்தார்கள். திட்டினார்கள். "கண்ணு தெரியல?" "பைத்தியமா இது?" "யம்மா, பாவத்தக் கட்டிக்காத, திரும்பு!" நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒருவர் கையைக் குறுக்கே நீட்டினாராம். அந்தக் கையைத் தூக்கிவிட்டு அதன் அடியில் நுழைந்து போனாளாம். இதை அவளே பிறகு சொன்னாள்.

பாதி வழியில் போகும்போது மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அரோகரா என்று மலையைச் சுற்றி ஒரே குரல். அவளுக்கு எதிரே வந்த அத்தனை பேரும் கையைத் தலைக்குமேல் கூப்பி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் காதுகளும் பிடரிகளும்தான்.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். கொட்டகை இருந்த இடத்தில் கால் நட்ட குழிகள் மட்டும் இருந்தன. தனத்தின் கடை இருந்த மூலையில் சந்திரம்மாள் என்று ஒருத்தி கூடையோடு உட்கார்ந்து வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலைக்காரி. காசியம்மாளை அவளுக்குத் தெரியும்.

"இன்னாக்கா, கொட்டாயத் தூக்கிட்டீங்க? வந்து வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"யாரு கேட்டாங்க?"

"நாலஞ்சு பேரு. பொழுது சாயறதுக்கு முன்னகூட ஒரு ஆளு வந்தான். வயசுப் பையன். இங்க ஒரு பொங்கமரம், ஒரு டீக்கட இருக்குமேன்னான். மரம் இதான், கட போச்சுன்னேன். இங்க ஒர்த்தங்க நிப்பாங்களேன்னான். அவங்கல்லாம் இப்ப பஸ் ஸ்டாண்டாண்ட போயிட்டாங்கப்பான்னேன். மரத்தத் தொட்டுக்கினு கொஞ்ச நேரம் நின்னான்."

"புருவத்துல தழும்பு இருந்துதா?"

"அதெல்லாம் எங்க பாத்தேன்க்கா? கூட்டத்துல கடலைய அளந்துக்கினு இருந்தேன்."

"எந்தப் பக்கம் போனான்?"

சந்திரம்மாள் கையை நீட்டினாள். எல்லாரும் போகிற பக்கம்தான். வடக்குச் சாலை வழியாக ஊருக்கு. காசியம்மாள் வந்த அதே சாலை.

பொண்டாட்டியைத் தொலைத்தவனாக இருந்திருக்கலாம். போன வருஷம் கொட்டகையில் போண்டா தின்றவனாக இருந்திருக்கலாம். யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வட்டத்தில் ஒரே பக்கமாக நடப்பவர்கள்தான் சந்திக்க மாட்டார்கள். ஒரே சாலையில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு பேர், எங்கேயாவது ஓரிடத்தில் ஒருவரையொருவர் கடந்தே தீர வேண்டும். அவள் முந்தானை அவன் கையில்கூடப் பட்டிருக்கலாம். என் கதைகளில் பாதி நான் கட்டினவை என்று ஊருக்கே தெரியும். இந்த ஒன்றும் அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடி வந்து கேட்டாள். அப்படி யாரும் கொட்டகைக்கு வரவில்லை. வந்திருந்தாலும், எதைக் கேட்டு வருவான்? அங்கே மரமும் இல்லை, நிற்கிறவளும் இல்லை.

மறுநாள் காலையில் பள்ளியில் அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சக்கரவர்த்தி வந்தார். தனம் சொல்லியிருக்கிறாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

காசியம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை. "சொன்னேனே சார். வருசா வருசம் மைக்குல சொன்னேனே."

அவர் உள்ளே வந்தார். பிறகு பிள்ளைகள் உட்காரும் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். முதல் மணி அடிக்க வேண்டிய நேரம் வந்தது. அன்றைக்கு நானே போய் அடித்தேன்.

அடுத்த தீபத்துக்கு பஸ் ஸ்டாண்டுக் கொட்டகையோடு, புங்கமரத்தடியிலும் ஒரு சின்னக் கொட்டகையைச் சக்கரவர்த்தி போட்டார். சங்கத்தைக்கூடக் கேட்கவில்லை, தன் செலவு. மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அவன் வந்துட்டுப் போயிட்டான் சார்," என்றாள். "இனிமே எதுக்கு நிப்பான்? நடந்துக்கினுதான் இருப்பான்."

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றினாள், எதிர்ப்பக்கமாக. முதலில் திட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றினவர்களும் உண்டு. பிறகு பழகிப்போய், கூட்டமே கொஞ்சம் ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தது. நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் காசி, நடக்கறதுதான் நடக்கற. எல்லார் மாதிரியும் வலமா நடக்கக் கூடாதா?"

"பின்னால போனா முதுவுதான் டீச்சரம்மா தெரியுது. எதுர்ல போனாத்தான் மூஞ்சி தெரியும்."

புங்கமரத்தடியில் பௌர்ணமிதோறும் சக்கரவர்த்தி இருப்பார். வங்கியிலிருந்து நேரே சைக்கிளில் வந்துவிடுவார். உட்கார ஸ்டூல் இருந்தாலும் நிற்பார். அவள் எதிரே வந்து, அவரைக் கடக்கும்போது முகத்தை மட்டும் தூக்குவாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார். அவள் போய்விடுவாள். அத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எண்பத்தெட்டில் கால் வீங்கி அவள் படுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். கொள்ளி வைக்கப் புருஷன் கருப்பன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

அதற்கடுத்த வருஷம் சங்கத்துக்கு மூர்த்தி என்று புதுச் செயலாளர் வந்தார். துடிப்பான பிள்ளை. முதல் கூட்டத்திலேயே, ஒரே வேலைக்கு இரண்டு கொட்டகை எதற்கு, மரத்தடிக் கொட்டகையை எடுத்துவிடலாம் என்றார். இராமலிங்கமும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார், குறட்டைகூட இல்லாத கூட்டம். எல்லாரும் கை தூக்கினார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தி மட்டும் தூக்கவில்லை.

"ஏன் சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் மூர்த்தி. "அங்க இருக்கணும்னு ஏதாச்சும் காரணம் இருந்தா சொல்லுங்க."

சக்கரவர்த்தி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"அங்க நெழலு நல்லா இருக்குது," என்றார்.

மின்கம்பியில் உரசுகிறது என்று அந்தப் புங்கமரத்தை அந்த மாதம்தான் மொட்டையடித்திருந்தார்கள்.